மொட்டைமாடி டிஷ்ஷைக் கழற்ற என்ன அவசரம்?

“இன்னும் டிஷ்ஷா வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பவரின் குரலில் இப்போது கொஞ்சம் பரிதாபமும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பட்டாசோடு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் வாங்கி வருகிறான். டிவியின் பின்னால் செருகுகிறான். தன் கணக்கிலேயே எல்லா ஆப்களையும் திறந்துவிடுகிறான். பழைய செட்டாப் பாக்ஸ் துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகிறது. “இனிமே மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற தொல்லை இல்லப்பா” என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் ரயில் ஏறிவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று, ஸ்டிக் வாங்கச் சொன்ன எவரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

டிடிஎச் காலம் முடிந்துவிட்டது, மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கினால் போதும், செலவும் மிச்சம், வசதியும் கூடுதல் என்பதுதான் இன்றைய பொதுக்கருத்து. தொழில்நுட்பம் பேசும் யூடியூப் சேனல்கள் இதைத்தான் சொல்கின்றன. டிவி கடை விற்பனையாளரும் இதையே சொல்கிறார். எண்களும் அவர்கள் பக்கம் நிற்பதுபோல் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கின்படி நாட்டில் கட்டண டிடிஎச் இணைப்புகள் 2020 இறுதியில் 7 கோடியைத் தாண்டியிருந்தன. 2024 மார்ச்சில் அவை சுமார் 6.2 கோடி ஆயின. 2025 மார்ச்சில் 5.7 கோடிக்கும் கீழே வந்துவிட்டன.

சரிவு உண்மைதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. இதே ஆண்டுகளில் இன்னொரு டிஷ் வளர்ந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று தூர்தர்ஷன் தொடங்கிய சேவை இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் ஓடுகிறது. பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் சரி, மாதக் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ 5 கோடி வீடுகளில் அது இருப்பதாகத் துறை சார்ந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆக, மக்கள் கட்டண டிஷ்ஷை விடுகிறார்கள் என்று சொல்லலாம். டிஷ்ஷையே விடுகிறார்கள் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

அடிப்படைத் தவறு ஒப்பீட்டிலேயே இருக்கிறது. டிஷ் என்பது படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒரே சிக்னல் கன்னியாகுமரிக் கரையில் இருக்கும் வீட்டுக்கும் ஜவ்வாது மலையில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தரத்தில் இறங்குகிறது. ஸ்டிக் எதையும் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே வந்து நிற்கும் இணையத்தைத் திரையில் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் புதுக் குழாய் மாட்டுவதுபோலத்தான் இது. டிஷ்ஷுக்குப் பதில் எதை வைக்கிறோம் என்று கேட்டால், நேர்மையான பதில் இதுதான்: ஒரு ஃபைபர் இணைப்பு, ஒரு ரவுட்டர், மூன்று நான்கு சந்தாக்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு ஸ்டிக். விளம்பரத்தில் இந்தக் கடைசிச் சாமானின் விலை மட்டும்தான் வருகிறது.

செலவு மிச்சம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சேனல்கள் உள்ள சாதாரணமான டிடிஎச் பேக் ஒன்று மாதம் 200, 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஃபைபரில் அடிமட்டத் திட்டமே ஜியோவில் 399 ரூபாய், பிஎஸ்என்எல்லில் 449 ரூபாய் என்று வைத்தார்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 399 என்பது கையிலிருந்து போகும்போது 471 ஆகிவிடுகிறது. சந்தா கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பிள்ளைகள் படிப்புக்காகவோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகவோ ஏற்கெனவே ஃபைபர் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு மணி நேர எச்டி படத்துக்கு 3 ஜிபி வரை போனாலும், நாளைக்கு ஆறு மணி நேரம் டிவி ஓடினாலும், மாதம் 540 ஜிபிதான். 3,300 ஜிபி வரை தரும் இணைப்புக்கு அது சுமையே இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் இணையம் என்றால் கைபேசிதான். நாளைக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவி பார்த்தால், ஒரு சீரியல் முடிந்து அடுத்தது பாதி ஓடும்போதே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அந்த வீட்டில் போய், டிஷ்ஷைக் கழற்று, பணம் மிச்சம் என்று சொல்வது அநியாயம்.

சந்தாவில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமானது, டிவியில் ஓடாது. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 என்று வந்ததும் கைபேசித் திட்டம்தான். டிவியில் பார்க்க 299 கட்ட வேண்டியிருந்தது. மகனின் கணக்கிலேயே அப்பா அம்மாவும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் இனி நிற்காது. ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்று நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் 2023 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அமேசான் பிரைம் 2025 ஜனவரியிலிருந்து ஒரு கணக்குக்கு ஐந்து கருவிகள், அவற்றில் டிவி இரண்டுதான் என்று வரம்பு போட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஆண்டுக்கு 1,499 கட்டியவர்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்றால் இன்னும் 699.

டிடிஎச் விலையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. 2019ல் வந்த புதிய கட்டண முறையில் 130 ரூபாய் நெட்வொர்க் கட்டணமும் தனித்தனிச் சேனல் விலையுமாகப் பல வீடுகளில் பில் ஏறியது. என்றாலும் அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் விலையை வெளியிட்டாக வேண்டும். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. ஓடிடி சந்தாவுக்கு அப்படி எந்த உச்சவரம்பையும் டிராய் வைக்கவில்லை. நாளைக்கு விலை இரண்டு மடங்கானாலும் சந்தாதாரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, விட்டுவிடுவது.

அடுத்தது கிரிக்கெட். நேரலை விளையாட்டில் ஸ்ட்ரீமிங் டிஷ்ஷை எப்போதோ மிஞ்சிவிட்டது என்பவர்கள், 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததை உதாரணம் காட்டுகிறார்கள். அது பெரிய பொறியியல் சாதனை. குறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2022 நவம்பர் 20 அன்று, கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கிய இரவில் ஜியோசினிமாவில் படம் நின்று நின்று சுற்றியதையும், நிறுவனம் வருத்தம் தெரிவித்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். டிஷ்ஷுக்கு அந்தச் சிக்கல் இயல்பிலேயே கிடையாது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் செயற்கைக்கோளுக்கு ஒரே வேலைதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பரிமாற வேண்டும்.

தாமதமும் இருக்கிறது. நேரலைப் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவதுதான் ஸ்ட்ரீமிங்கின் முறை. ஒரு துண்டு ஆறு நொடி என்பது வழக்கமான அளவு. இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஆப் படத்தை ஓட்டும். அதனால் அரை நிமிடம் வரை பின்தங்குகிறது. பக்கத்து வீட்டில் டிஷ், உங்கள் வீட்டில் ஸ்டிக் என்றால், கடைசி ஓவரில் அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் திரையில் பந்துவீச்சாளர் ஓடி வரவே தொடங்குவார்.

இதில் பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்றும் உண்டு. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம். அப்படிக் கிடைப்பதைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், தனியார் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023 உலகக் கோப்பையில் இந்தியா ஆடிய ஆட்டங்களை ஃப்ரீ டிஷ் வைத்திருந்த வீடுகள் காசு கொடுக்காமல் பார்த்தன. ஐபிஎல்லுக்கு இது பொருந்தாது. ஆனால் அப்படி அறிவிக்கப்பட்ட இந்திய அணி ஆட்டங்களுக்கு மட்டும் டிவி முன் உட்காரும் ஒரு குடும்பத்துக்குச் சந்தாவும் தேவையில்லை, ஸ்டிக்கும் தேவையில்லை. இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் மேலாக இன்னொன்று இருக்கிறது. டிஷ்ஷைக் கழற்றச் சொல்பவர்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது ரிமோட்.

அறுபத்தெட்டு வயதான ஓர் அம்மா. கண்ணில் புரை அறுவை செய்தவர். தன் சேனலின் மூன்று எண்கள் அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். அடுக்களையிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போடாமலே அந்த மூன்றையும் அழுத்துவார். சீரியல் ஓடும். இப்போது அவர் கையில் இருக்கும் ரிமோட்டில் எண்களே இல்லை. நடுவில் ஒரு வட்டம், கீழே வீடு போல ஒரு படம், வளைந்த அம்பு ஒன்று, ஒரு மைக். டிவியைப் போட்டதும் ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்டு முகங்கள் வருகின்றன. மகன் பெயரைத் தொட்டால் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடரின் டிரெய்லர் தானாக ஓடுகிறது. அதைத் தாண்டி, ஆப்களின் வரிசையில் தன்னுடையதைத் தேடிப் போனால், ‘மீண்டும் உள்நுழையவும்’ என்கிறது. கைபேசியில் ஒரு முகவரிக்குப் போய்த் திரையில் தெரியும் குறியீட்டைப் போட வேண்டுமாம். ஓடிபி சென்னையில் இருக்கும் மகனின் எண்ணுக்குப் போகிறது. அவன் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறான். எட்டு மணிக்கு அவன் கூப்பிட்டுச் சொல்லும்போது ஏழரை சீரியல் முடிந்துவிட்டது. அந்த அம்மா, “பரவாயில்லப்பா, நான் என்ன பெருசா பாக்கறேன்” என்கிறார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர், டிவியை அதிகம் பார்ப்பவர், சேனலை மாற்ற இன்னொருவரின் தயவை எதிர்பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுவதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? மைக்கில் பேசினால் போதுமே என்பார்கள். சேனல் பெயரைச் சொன்னால் அந்தப் பெயருள்ள யூடியூப் துண்டுகள் வரிசையாக வந்து நிற்கின்றன, நேரலை வருவதில்லை. தமிழ்ச் சேனல்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை என்பது இதைவிடப் பெரிய தொல்லை. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. டிஷ்ஷில் ஒரு பொத்தானை மேலும் கீழும் அழுத்தினால் ஆகிற காரியத்துக்கு இங்கே ஓர் ஆப்பிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குள் நுழைய வேண்டும். அங்கே பட்டன்களின் இடமும் வேறு, வரிசையும் வேறு.

டிவிப் பெட்டியையும் பார்க்க வேண்டும். 2006ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி போனது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் செருகினால் செட்டாப் பாக்ஸ் அதில் ஓடும். அந்த டிவியில் எச்டிஎம்ஐ துளை கிடையாது, ஸ்டிக்கைச் செருக இடமே இல்லை. இன்றும் அந்தப் பெட்டியில் படம் பார்க்கும் வீட்டுக்கு ஸ்டிக்கின் உண்மையான விலை என்பது ஒரு புது டிவியின் விலையும் சேர்ந்ததுதான்.

ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்பதும் சரியில்லை. 2014ல் வெளிவந்த முதல் தலைமுறை ஃபயர் டிவி கருவிகளில் 2025 ஜூனோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. 2019 டிசம்பரில் பழைய சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் அதே நடந்தது. கருவி கெட்டுப்போகவில்லை, ஆதரவு முடிந்துவிட்டது. 2025 மார்ச் 9 அன்று நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2015ல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. உள்ளே இருந்த பத்தாண்டுக் காலப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். கூகுள் அதைச் சரிசெய்து அனுப்பச் சில நாட்கள் ஆயின. கருவியை முழுக்க அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று இடையில் எச்சரிக்கவும் வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கி, உங்கள் வீட்டில் உங்கள் மின்சாரத்தில் ஓடும் பொருள், எங்கோ இருக்கும் ஒரு தேதியால் நிற்கிறது.

டிஷ்ஷின் குறைகளை இதற்காக மூடி மறைக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை அடித்துப் பெய்தால் சிக்னல் போகும். கேயூ அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்வதால் வரும் குறை அது, இதுவரை முழுத் தீர்வு இல்லை. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் பழுதாகி அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நின்றபோது, சன் டைரக்ட் வீடுகளில் சேனல்கள் காணாமல் போயின. நிறுவனம் மீசாட்-3க்கு மாற, டிஷ்களைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மழை விட்டதும் டிஷ் தானாகத் திரும்பி வருகிறது. சாலையில் ஜேசிபி தோண்டி அறுத்த ஃபைபரைச் சரிசெய்ய ஆள் வர எத்தனை நாளாகும் என்பது சிற்றூரில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த அவசரத்தில் மோசமாக ஏமாறுபவர்கள், நல்ல ஸ்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்க மனமில்லாமல் பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குபவர்கள். ‘எல்லாச் சேனலும் இலவசம், சந்தாவே வேண்டாம்’ என்று சொல்லி, திருட்டு ஆப்களை ஏற்றி விற்கிற பெட்டிகள் அவை. டி95 என்ற பெயரில் விற்ற ஒரு பெட்டிக்குள் தொழிற்சாலையிலிருந்தே தீய மென்பொருள் இருந்ததை 2023 தொடக்கத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்த ஆய்வுகளில் பேட்பாக்ஸ் என்ற பெரிய வலைப்பின்னலே வெளிவந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. அந்தப் பெட்டி படமும் காட்டும், பின்னால் உங்கள் வீட்டு இணையத்தை முகம் தெரியாதவர்களுக்கு வழியாகவும் திறந்துவிடும். வங்கி ஆப் இருக்கும் கைபேசி அதே வைஃபையில்தான் இருக்கிறது. இந்தச் சாமானை எந்த விலைக்கும், யார் சொன்னாலும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நாணயமான பெட்டிகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. வைட்வைன் எல்1 என்ற படப் பாதுகாப்புச் சான்று இல்லாதவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் 480 தரத்துக்கு மேல் படம் தராது. 55 அங்குல டிவியில் அது மங்கலாகத்தான் தெரியும்.

அப்படியானால் ஸ்டிக்கே வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். சீரியல் பார்க்க ஆளில்லாத வீடு, படமும் வெப்சீரிஸும்தான் வேண்டும் என்றால், நல்ல ஃபைபர் இருக்கிறது என்றால், டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் செய்வது வீண். செய்தி மட்டும் பார்ப்பவருக்குச் சந்தாகூட வேண்டாம். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் யூடியூப்பில் நேரலையாகவே ஓடுகின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் ஆப்பும் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்ற வீட்டுக்கு, டிஷ் வயரும் வைஃபையும் ஒரே பெட்டியில் சேரும் ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ்களை டிடிஎச் நிறுவனங்களே 2019, 2020 வாக்கில் கொண்டுவந்தன. எண் பட்டன்கள் உள்ள ரிமோட்டோடு அப்படி ஒன்று கிடைத்தால், முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கடையில் முதலில் அதைக் கேளுங்கள்.

ஸ்டிக்தான் என்று முடிவானால், 4கே, 8 ஜிபி என்ற அட்டைப்பெட்டி வாசகங்களைப் பிறகு பார்க்கலாம். வீட்டார் பார்க்கும் சேனல்களின் ஆப்கள் அந்தக் கருவிக்கு இருக்கின்றனவா என்று முதலில் கேட்க வேண்டும். ரவுட்டர் முன்னறையிலும் டிவி பின்னறையிலும் இருந்தால், லேன் வயர் செருக இடமுள்ள பெட்டி வகையைத் தேட வேண்டும். மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பி துளையை நம்பக் கூடாது. பல டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் கேட்பது ஓர் ஆம்பியர். அது போதாமல் ஸ்டிக் நடுநடுவே அணைந்து அணைந்து எழுவதைப் பார்த்துவிட்டு, கருவியே பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியில் வரும் அடாப்டரைச் சுவரில் செருகினால் அந்தத் தொல்லை இருக்காது.

டிஷ்ஷை இறக்க ஆளைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு மாதம் பொறுங்கள். செட்டாப் பாக்ஸைப் பரணில் ஏற்றாமல் டிவி பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்டிக்கையும் செருகி, இரண்டு ரிமோட்டையும் மேசை மேல் வையுங்கள். மாத முடிவில், அந்த டிவி முன் அதிக நேரம் உட்காருகிறவர் எந்த ரிமோட்டை எடுக்கிறார் என்று பாருங்கள். அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மட்டும் டிஷ்ஷைக் கழற்றுங்கள்.